மூளைக்கு வெளியுலகம் எப்படித் தெரிகிறது?

கண் ஒரு கேமரா, காது ஒரு மைக், மூளை ஒரு கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது நம் பள்ளிக்கூட வழக்கம். அந்த ஒற்றை வரி மனதில் தங்கிவிடுவதால் பிற்பாடு வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ‘நாம் பார்ப்பதெல்லாம் மாயை, அறிவியலே ஒத்துக்கொண்டுவிட்டது’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு சேர்ந்து ஒரு செய்தி வரும். கோடை விடுமுறை வந்தால் போதும், கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறோம் என்கிற துண்டுப் பிரசுரம் சென்னையில் பேப்பருக்குள் செருகி வீட்டுக்கே வந்து சேரும். நாக்கு நுனியில் இனிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று வண்ணம் பிரித்துப் போட்ட படம் வேறு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மூன்றுக்கும் ஊற்று ஒன்றுதான். வெளியே நடக்கிற விஷயம் உள்ளே எப்படி வந்து சேர்கிறது என்பதை யாரும் நமக்கு நிதானமாகச் சொன்னதில்லை.

ரேடியோவில் கேட்ட மேட்ச்

மூளை இருப்பது மண்டையோட்டுக்குள். அங்கே வெளிச்சம் கிடையாது, வாசனை கிடையாது. மூளைத் திசுவுக்கு வலி கூடத் தெரியாது, அதனால்தான் சில மூளை அறுவைச் சிகிச்சைகளை நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்ய முடிகிறது.

வீட்டுக்கு வீடு டிவி வருவதற்கு முன்னால் சேப்பாக்கத்தில் நடக்கிற டெஸ்ட் மேட்சை ஊர் முழுக்க ரேடியோவில்தான் கேட்டது. வியாசர்பாடியில் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, பந்து பறப்பதும் ஃபீல்டர் ஓடுவதும் அப்படியே கண்முன் தெரியும். ஆனால் பந்தின் வெளிச்சத்தில் ஒரு துளி கூட அந்த அறைக்குள் வரவில்லை. வந்தது வெறும் வர்ணனை. வர்ணனையாளர் எல்லாவற்றையும் சொல்வதில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறார், மிச்சத்தைக் கேட்பவர் தன் பழைய அனுபவத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறார். மைதானம், வர்ணனை, மனதில் எழும் காட்சி ஆகிய மூன்றும் வேறு வேறு. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் புலன்களைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வர்ணனையாளர் வேலையைச் செய்பவர் யார்?

வெளியிலிருந்து வருகிற ஒளி, அழுத்தம், வெப்பம், வேதிப்பொருள் இவற்றில் ஏதோ ஒன்றைப் பிடித்து மின் சைகையாக மாற்றுகிற செல்லுக்கு, அல்லது அந்தச் செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் புரதத்துக்கு, ஏற்பி என்று பெயர். நரம்பு வழியாக மூளைக்குப் போகிற அந்தக் குட்டி மின் அதிர்வுக்கு நரம்புத் துடிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி நீடிக்கும். இந்த இரண்டு சொற்களே நமக்குப் போதும்.

காதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அது செவிப்பறையை ஆட்டி, மூன்று சின்ன எலும்புகள் வழியாக காக்ளியா என்கிற, திரவம் நிரம்பிய சுருள் குழலுக்குள் அலையாகப் போகிறது. அங்கே காதுக்குச் சுமார் 3,500 மயிர்ச் செல்கள் மூளைக்குச் செய்தி சொல்வதற்கென்றே வரிசையாக நிற்கின்றன, அவற்றின் மேலுள்ள நுண்மயிர்கள் அலையில் சாய்ந்தால் மின் சைகை பிறக்கிறது. ஒருமுறை செத்த மயிர்ச் செல் மனிதருக்குத் திரும்ப முளைக்காது என்பதைக் கல்யாண மண்டபங்களில் ஸ்பீக்கர் வைக்கிறவர்களிடம் யாராவது சொன்னால் நல்லது.

மூக்கில் சுமார் 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. 1991-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள், 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. காபியின் மணத்தில் இருக்கிற மூலக்கூறுகள் மூக்கு வழியாக மட்டுமில்லாமல், குடிக்கும்போது தொண்டைக்குப் பின்புறமாக ஏறியும் இந்த ஏற்பிகளைத் தொடுகின்றன. சளி பிடித்தால் ஃபில்டர் காபி வெறும் கசப்பும் இனிப்பும் கலந்த வெந்நீராகிவிடுவது அதனால்தான். நாக்கு தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கும்.

இதில் வியப்பான விஷயம், எந்தப் புலனிலிருந்து வந்தாலும் நரம்புத் துடிப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். காதிலிருந்து வருகிற துடிப்பில் சத்தம் இல்லை, கண்ணிலிருந்து வருகிறதில் வெளிச்சம் இல்லை. எந்த நரம்பு வழியாக வந்தது, நொடிக்கு எத்தனை வந்தது என்பதைப் பார்த்துத்தான் மூளை முடிவு செய்கிறது. எந்த நரம்பு என்பதுதான் உணர்வைத் தீர்மானிக்கிறது என்பதை ஜெர்மானிய உடலியலாளர் யோஹன்னஸ் முல்லர் 1830களிலேயே அழுத்திச் சொன்னார். நீங்களும் பார்க்கலாம்: கண்ணை மூடிக்கொண்டு, வெளி ஓரத்தில் இமையின் மேல் விரலால் மிக மெதுவாக அழுத்துங்கள் (கண்ணில் ஆபரேஷன் ஆனவர்களும் விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் வேண்டாம்). மூக்குப் பக்கமாக ஒரு மங்கலான ஒளி வட்டம் தெரியும். ஒளியே உள்ளே போகவில்லை, அழுத்தம்தான் போனது, ஆனாலும் கண் நரம்பு துடித்தால் மூளைக்கு அது வெளிச்சம்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஏதாவது ஒன்று வெளியிலிருந்து வந்து சேர வேண்டும், அதைப் பிடிக்க ஓர் ஏற்பி இருக்க வேண்டும், அது நரம்புத் துடிப்பாக மாற வேண்டும்.

காரம் நாக்குக்கு மட்டுமா?

அறுசுவை என்று சொல்லி வளர்ந்த நமக்கு, காரம் என்பது சுவை இல்லை என்றால் கொஞ்சம் கோபம் கூட வரும். சமையலறைக் கணக்கில் அது சுவைதான், அதில் சண்டை வேண்டாம். ஆனால் உடல் அதைப் பிடிக்கிற வழி வேறு.

மிளகாயில் இருக்கிற கேப்சைசின் என்கிற பொருள் போய் ஒட்டிக்கொள்வது சூட்டையும் வலியையும் சொல்கிற ஓர் ஏற்பியில். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் துடிக்க வேண்டிய ஏற்பி அது. 1997-ல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு அதை அடையாளம் கண்டது, தொடு உணர்வின் ஏற்பிகளைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து அவருக்கு 2021-ல் நோபல் பரிசு வந்தது. ஆக, ஆந்திரா மெஸ்ஸில் பருப்புப் பொடி பிசைந்து சாப்பிட்டு ‘வாய் எரிகிறது’ என்று சொல்கிறபோது நீங்கள் மிகைப்படுத்தவில்லை, மூளைக்குப் போன செய்தியே ‘வாய் எரிகிறது’ என்பதுதான். சூடு ஏறிவிட்டது என்று நம்பி உடம்பும் தன் பங்குக்கு வியர்த்துத் தள்ளுகிறது. தண்ணீர் குடித்துப் பிரயோஜனம் குறைவு, ஏனென்றால் கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. பாலிலும் தயிரிலும் உள்ள புரதமும் கொழுப்பும் அதை இழுத்துக்கொள்ளும், தயிர்சாதம் கடைசியில் வருவது எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள்.

சந்தேகமிருந்தால் ஒன்று யோசியுங்கள். பச்சை மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைக் கசக்கினால் எரிகிறது. கண்ணில் சுவை மொட்டு ஏது? அதே கையில் சர்க்கரையைத் தேய்த்தால் கை இனிக்குமா? சூட்டு ஏற்பி தோலெங்கும் இருக்கிறது, இனிப்பு ஏற்பி அப்படி இல்லை. துவர்ப்பும் கிட்டத்தட்ட இதே கதைதான், வாழைப்பூவிலும் பாக்கிலும் உள்ள பொருட்கள் எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வழுவழுப்பு இழந்து வறண்டு இழுப்பது போன்ற தொடு உணர்வு அதில் பெரும்பங்கு.

கிளிக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. பறவைகளுக்கும் அதே சூட்டு ஏற்பி உண்டு, ஆனால் வடிவம் சற்று மாறியிருப்பதால் கேப்சைசினுக்கு அது அசைந்துகொடுப்பதில்லை. கிளி சாவகாசமாக மிளகாய் கடிப்பதைப் பார்த்து அதன் மன உறுதியைப் பாராட்ட வேண்டியதில்லை.

அந்த நாக்குப் படத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 1901-ல் டேவிட் ஹேனிக் என்கிற ஜெர்மானிய ஆய்வாளர் நாக்கின் ஓரங்களில் சுவைகளை உணரும் திறன் இடத்துக்கு இடம் மிகச் சிறிதளவு மாறுவதாகச் சொன்னார், பின்னாளில் அதை வரைபடமாகப் போட்டபோது சிறிய வித்தியாசம் பெரிய எல்லைக்கோடாகிவிட்டது. உண்மையில் சுவை மொட்டு இருக்கும் இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிப்பது

சரி, இப்போது அந்தத் துண்டுப் பிரசுரத்தை எடுங்கள். நடுமூளையைத் தூண்டிவிட்டால் குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் என்கிறார்கள். நடுமூளை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. கண்ணைத் திருப்புவது, காதிலிருந்து வரும் செய்தியை மேலே அனுப்புவது போன்ற வேலைகளை அது பிறந்த நாளிலிருந்தே செய்துகொண்டிருக்கிறது, யாரும் பணம் வாங்கிக்கொண்டு தூண்ட வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி இரண்டே. புத்தகத்தின் பக்கத்திலிருந்து என்ன கிளம்பி வந்து சேர்கிறது? அதைப் பிடிக்கிற ஏற்பி உடம்பில் எங்கே இருக்கிறது? அச்சடித்த எழுத்திலிருந்து வருவது அதன் மேல் பட்டுத் திரும்பும் ஒளி மட்டுமே, எழுத்தின் வடிவத்தைப் பிடிக்கிற அளவுக்கு ஒளி ஏற்பிகள் உள்ள இடம் விழித்திரை மட்டுமே. ஆகவே கட்டுக்குள் எங்கோ ஒளி நுழைகிறது. மூக்கின் இரு பக்கமும் துணி முழுதாக ஒட்டாது, அந்தச் சந்து வழியாகக் கீழ்நோக்கிப் பார்க்கலாம். மேடை வித்தைக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. அதனால்தான் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் புத்தகத்தைத் தாழ்வாக வைத்துக்கொண்டு முகத்தை லேசாக நிமிர்த்துகிறார்கள். கண்கட்டை இன்னும் இறுக்கிப் பார்க்கிறேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம், அறையின் விளக்கை அணைத்துக் கும்மிருட்டாக்கிவிடுங்கள், போதும். குழந்தையைத் திட்டவும் வேண்டாம். ஏமாற்றச் சொல்லிக்கொடுத்தது பெரியவர்கள்.

கண் இல்லாமல் சுற்றுப்புறத்தை அறிவது இல்லாத விஷயம் என்று சொல்லவரவில்லை. புறநகர் ரயிலில் வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டே கூட்டத்தில் வழி கண்டுபிடித்துப் போகிற பார்வையற்றவர்களைப் பார்த்திருப்பீர்கள். பார்வையற்ற அமெரிக்கரான டேனியல் கிஷ் நாக்கைச் சொடுக்கி, அந்த ஒலி சுவரிலும் மரத்திலும் பட்டு எதிரொலிப்பதைக் கேட்டே சைக்கிள் ஓட்டுகிறார். எதிரொலி வந்து சேர்கிறது, காது பிடிக்கிறது, அதில் மர்மம் இல்லை, நீண்ட காலப் பழக்கம் இருக்கிறது.

செய்தி வருவதற்குள்ளேயே வெட்டு

ஒரு கண்ணில் ஒளி ஏற்பிகள் சுமார் பத்துக் கோடி. அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இழைகள் பத்து லட்சம் அளவுதான். அவ்வளவையும் அனுப்ப வழியே இல்லை என்பதால் விழித்திரையே சுருக்கிவிடுகிறது. ஓரங்கள், அசைவுகள், மாற்றங்கள் இவற்றுக்கு முன்னுரிமை, மாறாமல் இருப்பதற்கு இடமில்லை.

எல்லாப் புலனும் இப்படித்தான். கூவம் பாலத்தில் சிக்னலில் நிற்கும்போது முதல் நிமிடம் மூக்கைப் பொத்துவோம், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவோம். கூவம் திருந்தவில்லை, அதே வாசனை தொடர்ந்து வருவதால் செய்தி குறைந்துவிட்டது. கரண்ட் போய் ஃபேன் நின்றபிறகுதான் அது இவ்வளவு நேரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது தெரிகிறது. ஏசி அறையிலிருந்து மே மாத வெயிலுக்குள் இறங்கும்போது அறைகிற அந்த வெக்கை, வெளியிலேயே நிற்கிற இளநீர்க்காரருக்கு அவ்வளவு அறைவதில்லை.

வெட்டுவது போக, ஓட்டையும் உண்டு. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளி ஏற்பியே கிடையாது, குருட்டுப்புள்ளி என்பார்கள். கோடு போட்ட நோட்டில் ஒரே கோட்டின் மேல் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, 8 செ.மீ. தள்ளி வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பெருக்கல் குறியையே பார்த்தபடி நோட்டை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தொலைவில் புள்ளி காணாமல் போகும். கவனிக்க வேண்டியது அடுத்த விஷயம்: புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை தெரியாது, நோட்டின் கோடு தொடர்ந்து ஓடுவதாகவே தெரியும். இப்படி மூளை நிரப்பிக்கொள்வதை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் வி. எஸ். ராமச்சந்திரன், நம்ம சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வலிப்பதை, ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்துச் சிலருக்குத் தணிக்க முடியும் என்று காட்டியவரும் அவரே.

மாம்பழமும் மொபைலும்

நிறம்தான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. பகலில் நிறம் பார்க்க உதவுபவை கூம்புச் செல்கள். மூன்றே வகை: நீண்ட அலைநீள ஒளிக்கு அதிகம் தூண்டப்படுவது, நடுத்தர அலைநீளத்துக்கு, குறுகிய அலைநீளத்துக்கு. பேச்சுக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று வைத்துக்கொள்ளலாம். மஞ்சளுக்கென்று தனியாக யாரும் இல்லை.

கோயம்பேட்டில் வாங்கிய பங்கனப்பள்ளி மாம்பழத்தை மேசையில் வைத்து, அதை மொபைலில் போட்டோ எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் மஞ்சள். பழத்திலிருந்து வரும் ஒளியில் மஞ்சள் அலைநீளங்களும் ஏராளம். திரையில் மஞ்சள் புள்ளியே கிடையாது, சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மட்டுமே. (திரையில் ஒரு பொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், துளி உருப்பெருக்கியாகி அந்தப் புள்ளிகளைக் காட்டும். உடனே துடைத்துவிடுங்கள்.) வெளியே இருப்பது வேறு வேறு ஒளிக்கலவை. ஆனால் சிவப்பு வகைக் கூம்பும் பச்சை வகைக் கூம்பும் இரண்டிலும் ஒரே விகிதத்தில் தூண்டப்படுவதால், மூளைக்கு இரண்டும் ஒன்றே. நம் டிவி, மொபைல், விளம்பரப் பலகை எல்லாம் இந்த ஒரு பலவீனத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

ஊகத்தில் ஓடும் வண்டி

குறைவான செய்தி, நடுவே ஓட்டைகள். இதிலிருந்து முழுக் காட்சி எழுப்ப வேண்டுமென்றால் மூளை ஊகிக்காமல் முடியாது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860களில் இதை, நாம் அறியாமலே நடக்கிற ஊகம் என்று விளக்கினார்.

சென்ட்ரலில் வண்டி கிளம்பக் காத்திருக்கிறீர்கள், ஜன்னலை அடைத்தபடி பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்கிறது, ஒரு கணம் நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று உடம்பே நம்பிவிடும். பார்வை முழுதும் ஒரே திசையில் நகர்ந்தால் வழக்கமாக நகர்வது நாம்தான், அதனால் மூளை அப்படி ஊகிக்கிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும் ஈர்ப்பையும் வேகமாற்றத்தையும் அறிகிற இரண்டு பைகளும் இருக்கின்றன. ஐம்புலன் கணக்கில் வராத சமநிலை உணர்வு இது. ஈசிஆர் பஸ்ஸில் மொபைல் பார்த்துக்கொண்டே போனால் சிலருக்குக் குமட்டுவது, கண் ‘அசைவில்லை’ என்றும் உள்காது ‘ஆடுகிறது’ என்றும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்வதால்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிகிறதே, தசைகளும் மூட்டுகளும் தங்கள் நிலையைச் சொல்லிக்கொண்டே இருப்பதால் அது. ஐந்து என்பது பழைய கணக்கு, விடுங்கள்.

பௌர்ணமி மாலையில் மெரினாவில் கடலிலிருந்து எழும் நிலா தாம்பாளம் அளவுக்குத் தெரியும், நடு இரவில் தலைக்கு மேல் சின்னதாகிவிடும். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பாருங்கள், இரண்டு நேரமும் நகம் மறைத்துவிடும். கண்ணில் விழுகிற பிம்பம் மாறவில்லை. தெரிந்துகொண்ட பிறகும் நிலா பெரிதாகவே தெரிகிறது என்பதுதான் வேடிக்கை, இந்த ஊகம் நம் பேச்சைக் கேட்பதில்லை.

புரியாத பாட்டு வரியை யாராவது எழுதிக் காட்டியபின் அது தெளிவாகவே கேட்கத் தொடங்கும், ஸ்பீக்கரில் எதுவும் மாறாது. உளவியலாளர்கள் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு இருவரும் 1976-ல் காட்டியது இன்னும் விசித்திரம்: ‘பா’ என்கிற ஒலியை, ‘கா’ என்று அசையும் வாயோடு சேர்த்துப் போட்டால் பலருக்கு ‘டா’ என்று கேட்கிறது.

சுருக்கமாக, ஏற்பிகள் துண்டு துண்டாகச் செய்தி தருகின்றன, மூளை பழைய அனுபவத்தோடு சேர்த்து மிகப் பொருத்தமான ஊகத்தைக் காட்சியாக்குகிறது. நாம் பார்ப்பது அந்த ஊகத்தை.

அப்படியென்றால் எல்லாம் மாயையா?

இல்லை. ஊகம் என்றால் கட்டுக்கதை என்று பொருளில்லை. டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறீர்கள், தொலைவைத் தப்பாக ஊகித்தால் காபி கொட்டும், மூளை உடனே திருத்திக்கொள்ளும். நாள் முழுக்க ஆயிரம் தடவை இந்தச் சோதனை நடக்கிறது. சாலையைக் கடக்கும்போது வருகிற 29சி பஸ் உங்கள் மூளையின் ஊகம்தான், ஆனால் அந்த ஊகத்துக்குக் காரணமான பஸ் நிஜமாக வந்துகொண்டிருக்கிறது.

இந்த ஊகிக்கும் திறன் உலகத்தோடு பழகிப் பழகி வருகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று இந்தியாவிலிருந்தே கிடைத்தது. பிறவியிலேயே கண்புரையால் பார்வை இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராய்வது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம். 2011-ல் வெளியான ஆய்வில், 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரிடம் அறுவை முடிந்து இரண்டு நாளுக்குள் ஒரு பொருளைக் கையால் தடவிப் பார்க்கக் கொடுத்து, பிறகு இரண்டு பொருள்களைக் காட்டி, தொட்டது எது என்று கேட்டார்கள். ஏறக்குறைய குருட்டுவாக்கில் பதில் சொன்னதற்கு மேல் தேறவில்லை. கண்ணால் பார்த்ததைக் கண்ணாலேயே அடையாளம் காண அவர்களுக்குச் சிரமமில்லை, கை அறிந்த வடிவத்தைக் கண் அறிந்த வடிவத்தோடு பொருத்தத்தான் தெரியவில்லை. ஏற்பிகளிலிருந்து செய்தி வந்துகொண்டிருக்கிறது, ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று மூளை இன்னும் பழகவில்லை. சில நாள்களிலேயே அது கைவந்தது. பத்து வயதைத் தாண்டியும் மூளை கற்கிறது என்பது நல்ல செய்தி, ஆனாலும் அவ்வளவு தாமதமாகப் பார்வை பெற்றவர்களுக்குப் பார்வைக் கூர்மை பொதுவாகக் குறைவாகவே நின்றுவிடுகிறது.

அதனால் பச்சைக்குழந்தையின் கண்மணி கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ, வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். கண்புரையாக இருக்கலாம், அதைவிடத் தீவிரமான நோயாகவும் இருக்கலாம். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. அடர்த்தியான பிறவிக் கண்புரை என்றால் பிறந்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே அறுவை செய்துவிடத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள்.